எந்த சோடா?

தெருவில் அவளுக்கு முகமூடி என்று பெயர். பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்றும் இருக்கத்தான் செய்தது. அது ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும் வெளியே வரும். மற்றபடி "முகமூடி வீடு எது?" என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள்.

வீட்டின் பின்னறையில் துணிக்குச் சாயம் போடுவதும் சோப்பு காய்ச்சுவதும் அவள் தொழில். கணவன் லாரியோடு போய்விட்டால் வீடு முழுக்க அவள் ராஜ்ஜியம்தான். வேலைக்கு இறங்குமுன் அவள் செய்யும் அலங்காரம் இருக்கிறதே, மணப்பெண் தோற்றாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கழுத்தில் மாட்டிக் கணுக்கால் வரை தொங்கும் ரப்பர் மேலங்கி, பாதி முகத்தை மூடும் கண்ணாடி, மூக்குக்குத் துணி, முழங்கை வரை கையுறை. அந்தக் கையுறையையும் சும்மா மாட்ட மாட்டாள். ஒவ்வொன்றையும் பலூன் போல ஊதி, வாயைத் திருகிப் பிடித்து, கன்னத்தோரம் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் காற்று கன்னத்தில் படும்.

"என்னக்கா, ஆபரேஷனா?" என்று மதிலுக்கு அப்பாலிருந்து தையல்காரி கேட்பாள்.

"ஆமா, உன் நாக்குக்குத்தான். வா" என்பாள் இவள்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு சாயப்பட்டறையில் இருந்தவள். பக்கத்துத் தொட்டியில் வேலை பார்த்தவள் ஒருநாள் கார வாளியை ஒரு நொடி குனிந்து பார்த்தாள். தெறித்தது ஒரே சொட்டு. அவளுடைய வலது கண் போயிற்று. அன்று அவள் போட்ட சத்தம் இவள் காதை விட்டு இன்னும் போகவில்லை. அதற்குப் பிறகு இவள் வெறுங்கையோடு எந்த வாளிப் பக்கமும் போனதில்லை.

காரம் என்றால் மிளகாய்க் காரம் அல்ல. சோப்பு காய்ச்சப் போடுகிற வெள்ளைச் செதிலுக்குப் பட்டறையில் அதுதான் பெயர். தோலைத் தின்றுவிடும், கொதிக்கிற நீரில் விழுந்தாலோ பாத்திரத்தையே தூக்கி எறியும். சாயம் துணியை விட்டுப் போகாமலிருக்கப் போடுகிற வெள்ளைத் தூள் வேறு. அதைச் சோடா என்பார்கள். இவளும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டாள். இரண்டும் ஒரே அலமாரியில், மேல் தட்டில் காரம், கீழ்த்தட்டில் சோடா. ஒற்றை ஆளாக வேலை செய்தவரை டப்பாவில் பெயர் எழுத வேண்டிய தேவை அவளுக்கு வரவில்லை.

அப்போதுதான் நாத்தனார் வந்து சேர்ந்தாள். கணவனின் தங்கை. புருஷனோடு ஒத்துவராமல், ஒரு பெட்டியும் மூன்று மடங்கு வாயுமாக வந்தவள். அவளுடைய மாமியார் வீட்டில் சோப்பு செய்வார்களாம். வந்த மறுநாளே அலமாரியைக் குடைந்தாள்.

"இது என்ன அண்ணி?"

"காரம்."

"காரமா? என்ன, கொழம்புல போடவா? எங்க மாமியார் வீட்டுல இதத்தான் சோடான்னு சொல்லுவாங்க."

"அப்ப கீழ இருக்கறது?"

"அது சலவ உப்பு."

"சரிதான், ஊருக்கொரு பேரு" என்று இவளும் சிரித்து வைத்தாள். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

முடியாமல் வளர்ந்தது கையுறைச் சண்டைதான். நாத்தனாருக்கு அந்த ரப்பர் வேஷத்தைக் கண்டாலே சிரிப்பு. "எங்க மாமனார் காலம் பூரா வெறுங்கையாலதான் கலக்கினாரு. ஒரு வெரல் கொறஞ்சுதா?" என்பாள். மாமனார்தான் கலக்கினார், நாத்தனாரை ஆறிய சோப்பை அறுத்துத் தாள் சுற்ற மட்டுமே விட்டார்கள் என்பது வேறு கதை. ஆனாலும் உட்கார்ந்து சாப்பிட அவளுக்கு மனம் ஒப்பவில்லை. பின்னறை வேலையில் பங்கு கேட்டாள். அண்ணிக்கும் அது உள்ளூரப் பிடித்தே இருந்தது. பட்டறையை விட்டதிலிருந்து தனியாகவே வேலை செய்து அலுத்தவள் அவள்.

அன்று காலை பெரிய அண்டாவில் நீலச் சாயம் கொதிக்கத் தொடங்கியிருந்தது. ஒரு மண்டபத்துக்கான திரைச்சீலைத் துணி. பாதியில் பார்த்தால் டப்பாவில் இருந்த சோடா அன்றைக்கு மட்டும்தான் வரும். இவள் கடைக்குப் புறப்பட்டாள். நாத்தனார் வெறுங்கையோடு துடுப்பைப் பிடித்துக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"உறைய மாட்டு."

"நீங்க போயிட்டு வாங்க அண்ணி. எனக்கு வேர்க்கும்."

"கண்ணு போனா கூப்பிடாத. நான் வந்து பாக்க மாட்டேன்!"

சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். நாக்கில் சனி உட்கார்ந்த நேரம்.

கடை இருந்தது இரண்டு தெரு தள்ளி. படியேறும்போதே போன் அடித்தது.

"அண்ணி, நல்லா கொதிக்குது. கல்லுப்பு போட்டாச்சு. இப்ப என்ன?"

"சோடா போடு. ரெண்டு கை அள்ளிப் போட்டுக் கிண்டு."

"சரி" என்று வைத்துவிட்டாள்.

கடையில் கூட்டம், இவள் முறை வரக் கால் மணி நேரமாயிற்று. கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்: "என்னம்மா வேணும்?"

"சோடா."

"எந்த சோடா? துணிக்கா, சோப்புக்கா?"

நாத்தனார் அன்று சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. எங்க மாமியார் வீட்டுல இதத்தான் சோடான்னு சொல்லுவாங்க. மேல் தட்டு டப்பா. கொதிக்கிற அண்டா. ரெண்டு கை. அள்ளி.

போனை எடுத்து அழுத்தினாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். அடித்து அடித்து ஓய்ந்தது. "ஏம்மா, என்னாச்சு?" என்று கடைக்காரர் கேட்டது காதில் விழுந்தது.  பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள்.

ஓடுகிற வயசா அவளுக்கு? மூச்சு வாங்கியது. ஒரு கையில் செருப்பு, மறு கையில் போன். எதிரே வந்த சைக்கிள்காரன் திட்டிவிட்டுப் போனான். ஓடிக்கொண்டே மறுபடி அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கை நன்றாக இருப்பவள் ஏன் எடுக்க மாட்டாள்? கண் தெரிகிறவள் ஏன் எடுக்க மாட்டாள்? பட்டறையில் கேட்ட அந்தச் சத்தம் காதுக்குள் எழுந்தது. அதன் கூடவே தன் குரல்: கண்ணு போனா கூப்பிடாத. சொன்ன சொல்லைத் தின்றுவிட முடியுமானால் அங்கேயே தின்றிருப்பாள். துணி போகட்டும், அண்டா போகட்டும், வீடே போகட்டும், அந்த வாயாடியின் கண் மட்டும் இருக்கட்டும் என்று யாரிடம் என்றில்லாமல் கெஞ்சிக்கொண்டே ஓடினாள்.

வாசல் கதவு திறந்து கிடந்தது. உள்ளே நெடி மூக்கை அறுத்தது. பின்னறைக் கதவடியிலிருந்து நீலத் தண்ணீர் நடைவரை ஓடி வந்திருந்தது.

"எங்கடி இருக்க?"

 கொல்லைக் கதவைத் தள்ளினாள்.

மதிலோரம் குழாயடியில் அவளே நின்றுகொண்டிருந்தாள். அதாவது, அவளைப் போலவே ஒருத்தி. பூட்ஸ், மேலங்கி, மூக்குத் துணி, கண்ணாடி, முழங்கை வரை உறை. தலை முதல் கால் வரை நீலம். மதிலைத் தாண்டிக் குதித்து வந்திருந்த தையல்காரி ரப்பர் குழாயைப் பிடித்து அவள் கழுத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.

இவள் பாய்ந்து அந்தக் கண்ணாடியைக் கழற்றினாள். அதன் இரண்டு வட்டத்திலும் நீலம் அப்பியிருந்தது. உள்ளே இரண்டு கண்ணும் முழித்துக்கொண்டிருந்தன. மிரண்டு, சிவந்து, ஆனால் முழுசாக.

"தெரியுதா? நான் தெரியறேனா?"

"தெரியுது அண்ணி. அழுவாதீங்க. கழுத்துல மட்டும் எரியுது."

மேலங்கிக்கும் மூக்குத் துணிக்கும் நடுவே, விரலகலத்துக்குத் தோல் சிவந்து கொப்புளித்திருந்தது. குழாயை இவள் வாங்கிக்கொண்டாள். போதும் என்று இரண்டு பேரும் சொன்ன பிறகும் விடாமல் தண்ணீர் விட்டாள். 

"போன ஏன் எடுக்கல?"

"எடுக்காமயா? உறையோட தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தேன். ரப்பர் வெரலுக்கு அது அசையுதா? கழட்டலாம்னா, கையெல்லாம் அந்த எழவு வழியுது."

அப்போதுதான் இவளுக்கு உறைத்தது.

"இதையெல்லாம் நீ மாட்ட மாட்டியே. எப்படி மாட்டின?"

நாத்தனார் தலை குனிந்தாள். தையல்காரியைப் பார்த்தாள். தையல்காரி மதிலைப் பார்த்தாள்.

"கேக்குறேன்ல?"

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. இவதான், முகமூடி வேல செய்யறத நடிச்சுக் காட்டுன்னா. அதான் எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு, உங்கள மாதிரியே உறைய ஊதி, கன்னத்துல வச்சு, கண்ண மூடி... இவ விழுந்து விழுந்து சிரிச்சா. அப்படியே உங்கள மாதிரியே மூஞ்ச தூரமா வச்சுக்கிட்டு, மேல் தட்டு சோடாவ எடுத்துப் போட்டேன். அண்டா அப்படியே எழும்பிடுச்சு."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்தது.   தையல்காரி நைசாக நழுவப் பார்த்தாள்.

"எங்க போற? நில்லு" என்றாள் முகமூடி.

கையுறை இரண்டையும் நாத்தனார் கையிலிருந்து தானே உருவிக் கழுவினாள். ஒன்றை ஊதி, வாயைத் திருகி, கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஓட்டை இல்லை. அதை நாத்தனாரிடம் நீட்டினாள்.

"நாளைக்கும் வேல இருக்கு. இவளையும் கூப்பிடு, மதிலுக்கு அந்தப் பக்கம் நின்னு சிரிக்கட்டும். நீ தெனமும் என்ன மாதிரியே நடி."