கட்டு அவிழாத கை

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் ஒரு ஜப்பான்காரன் குடியிருந்தான். தொண்ணூற்றேழில் கல்யாணமாகி நான் கொல்லிமலையில் அரியூர் நாட்டுக்கு வந்தபோது, அவன் எனக்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்திருந்தான். தகரப் பெட்டியில் வேட்டி சட்டைக்கு ஒரு மூலைதான், மீதியெல்லாம் அவன். மாதம் ஒரு புத்தகமாகத் தமிழில் வந்துகொண்டிருந்த சாமுராய் சித்திரக்கதை. செம்மேட்டில் பஸ் நிற்கும் இடத்துக் கடையில் கயிற்றில் தொங்கும். களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருக்கட்டும், மரவள்ளிக் கிழங்கு ஏற்ற லாரி வந்து நிற்கட்டும், புத்தகம் வரும் வாரம் என்றால் இவர் செம்மேட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

நான் ப்ளஸ் டூ வரை படித்தவள். பொம்மை பார்க்கிற வயதா இந்த மனுஷனுக்கு என்று எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் காட்டுக்குப் போன பிறகு பெட்டியைத் திறந்து ஒன்று விடாமல் படித்தவளும் நான்தான். படித்த பிறகு எரிச்சல் இரண்டு மடங்கானது.

கதை இதுதான். எஜமானை இழந்த ஒரு சாமுராய், அவரைக் கொன்றவனைத் தேடி ஊர் ஊராக அலைகிறான். தேடுவதோடு சரி, கண்டுபிடிக்கிற வேலையே கிடையாது. போகிற ஊரிலெல்லாம் யாருக்காவது ஒரு வாக்குக் கொடுப்பான். அடுத்த மாதம் வேறு ஊர், வேறு சண்டை, வேறு வாக்கு. ஒரு பெண்ணைப் பாலத்தடியில் நிறுத்தி, மழை விடுவதற்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். ஒரு குதிரை வைத்தியன் இவனைக் கொல்வதாகச் சத்தியம் செய்துவிட்டு மலையேறினான். அவன் இறங்கி வந்ததாக எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"பாலத்துக்கடியில நின்னு நின்னு அந்தப் புள்ளைக்கு இந்நேரம் காய்ச்சலே வந்திருக்குமுங்க" என்பேன்.

"வருவான் புள்ள. எழுதறவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்" என்பார். கோயில் பூசாரி மேல்கூட அவர் அவ்வளவு நம்பிக்கை வைத்து நான் பார்த்ததில்லை.

இந்த முடிச்சுகளிலெல்லாம் பெரிய முடிச்சு சாமுராயின் வலது கை. விரல் நுனியிலிருந்து முழங்கை வரை துணி சுற்றிக் கட்டியிருக்கும். அந்தக் கையால் அவன் எதையும் தொடுவதில்லை. வாள் பிடிப்பது, சோறு தின்பது எல்லாம் இடது கையால்தான். முதல் புத்தகத்திலேயே ஒரு கிழவன் அவனிடம் கையைப் பற்றிக் கேட்கிறான். கட்டு அவிழும் நாளில் சொல்கிறேன் என்கிறான் சாமுராய். அதற்கப்புறம் எத்தனையோ பேர் கேட்டார்கள். எல்லோருக்கும் அதே பதில்தான்.

இன்னொன்றையும் நான் கவனித்தேன். சத்திரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற அத்தனை பேரும் குச்சியை இடது கையில்தான் பிடித்திருந்தார்கள்.

"என்னங்க இது, ஊரே பீச்சாங்கையில திங்குது?"

"அந்த ஊரு வழக்கம் அப்படி இருக்கும். நம்ம வழக்கத்தப் பாத்தா அவங்க சிரிப்பாங்க" என்றார். அன்றைக்கு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அடுத்த வருஷம் கிழங்கு விலை படுத்துவிட்டது. லாரியோடு கீழே இறங்கி, ஜவ்வரிசி செய்கிற ஒரு சேகோ ஆலையில் சீசன் வேலைக்குச் சேர்ந்தார். கிழங்கு அரைக்கிற மெஷினில் சோத்தாங்கை மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

வலியை அவர் தாங்கிக்கொண்டார். சோற்றைத்தான் தாங்க முடியவில்லை. இடது கையால் சாப்பிடுங்கள் என்று சொன்னதற்கு, "கால் கழுவற கையில சோத்தத் தொடச் சொல்றியா?" என்றார். கரண்டி வாங்கி வந்தேன். கரண்டியைப் பிடிப்பதும் அந்தக் கைதானே என்று தள்ளிவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இனி இருப்பது ஒரே கை. கழுவுவதும் அதுதான், தின்பதும் அதுதான் என்றால் யாருக்குத்தான் வாய்க்குள் இறங்கும்?

கதவைச் சாத்தச் சொல்வார். சாமைச் சோற்றைப் பிசைந்து நான் ஊட்டுவேன். கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். யாராவது வாசலில் கூப்பிட்டால் அப்படியே விழுங்கிவிட்டு, போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். கல்யாணம், கருமாதி எதற்கும் போவதில்லை. போனால் பந்தியில் உட்காரச் சொல்வார்களே. ஆள் பாதியாகிவிட்டார். இவர் இருக்கமாட்டார் என்றே எனக்குத் தோன்றியது. மிளகுக் கொடிக்கு அடிக்கிற மருந்தை எங்கம்மா வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

பொழுது போகட்டுமே என்றுதான் பெட்டியைத் திறந்து பழைய புத்தகங்களை அவர் பக்கத்தில் போட்டேன். முதலில் தொடவில்லை. ஒரு மத்தியானம் களை எடுத்துவிட்டு வந்து பார்த்தால், மடியில் ஒரு புத்தகம் விரிந்திருந்தது. சத்திரத்தில் நாலு பேர் நடுவில் உட்கார்ந்து சாமுராய் சாப்பிடுகிற பக்கம். வலது கை கட்டுப்போட்டு மடியில் கிடக்கிறது. இடது கையால் தின்கிறான். பக்கத்தில் இருப்பவன் எழுந்து போகவில்லை. பரிமாறுகிறவள் முகம் சுளிக்கவில்லை. அந்தப் பக்கத்தை விட்டு அவர் கண் நகரவேயில்லை.

மறுநாள் தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இடது கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார், மறுபடியும் கழுவினார். பிறகு தின்றார். பாதி கீழே சிந்தியது. நான் அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு அவர் அந்த ஜப்பான்காரனைப் பார்த்துத்தான் பிழைத்தார். அருவாள் பிடிக்க, முடிச்சுப் போட, மிளகு ஏணியில் ஏற என்று ஒவ்வொன்றாக இடது கையால் பழகினார். "அவனுக்கும் மொத நாள்னு ஒண்ணு இருந்திருக்குமில்ல புள்ள? அன்னிக்கு எப்படித் தின்னான், என்ன நெனச்சான்னு கட்டு அவுர்ற அன்னிக்குச் சொல்லுவான் பாரு" என்பார். அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த ஆசை. இடது கையால் எழுதப் பழகியதும், கட்டு எப்போது அவிழும் என்று புத்தகம் போடுகிறவர்களுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டார். வாசகர் பக்கத்தில் பதில் வந்தது: பொறுமை, கொல்லிமலை வாசகரே! அந்த நாளில் நீங்கள் திகைத்துப்போவீர்கள்! அந்தப் பக்கத்தை அவர் காட்டாத ஆளில்லை.

கதையோ நகரவே இல்லை. புதுசு புதுசாக எதிரிகள் முளைத்தார்கள். பாலத்தடிப் பெண்ணை எழுதுகிறவனே மறந்துவிட்டான் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மலையிலேயே திருப்புலி நாட்டில் ஒரு பங்காளி வீட்டுக் கல்யாணம். போகலாம் என்று அவரே சொன்னார். பந்தியிலும் உட்கார்ந்தார். சோற்றில் இடது கையை வைத்ததும், பக்கத்து இலையில் இருந்த பெரியப்பா முறைக்காரர் நிறுத்திவிட்டார்.

"ஏப்பா, பந்தியில வந்து பீச்சாங்கையில திங்கறயே, பக்கத்துல மனுசன் உக்கார வேண்டாமா?"

"சோத்தாங்கைய மெஷின் தின்னுருச்சுங்க பெரியப்பா. இனிமே இதானுங்க எனக்குச் சோத்தாங்கை."

பெரியவர் இலையைத் தூக்கிக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் எழவில்லை. ரசம் வாங்கினார், மோர் வாங்கினார், பாயசத்தை இலையோடு வழித்தார். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பெருமையாக இருந்தது. எங்கள் வாழ்க்கையில் ஒரு நல்ல நாளைச் சொல் என்றால் அதைத்தான் சொல்வேன். அப்படி இன்னொரு நாளைத் தேடினால் கிடைக்கவில்லை.

அதற்குள் மகள் பிறந்திருந்தாள். நடக்கத் தெரிந்ததும் அப்பா மடியில் உட்கார்ந்துதான் சாப்பாடு. அவரைப் பார்த்துப் பார்த்து அவளும் இடது கையாலேயே தின்னப் பழகினாள். பார்த்தவர்கள் எல்லாம் திருத்தச் சொன்னார்கள். நான் திருத்தவில்லை. அவள் அந்தக் குட்டிக் கையால் சோற்றை அள்ளும்போது அவர் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் திருத்தியிருக்கமாட்டீர்கள்.

மகள் அங்கன்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த வருஷம். செம்மேட்டிலிருந்து புது இதழோடு வந்தவர், "பைண்டிங்கத் தப்பாப் போட்டுட்டானுக புள்ள. பின்னாலிருந்து ஆரம்பிக்குது" என்றார். நாளைக்குக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று புரட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். எட்டிப் பார்த்தேன். சாமுராய் வாளை வலது கையில் பிடித்திருந்தான். துணிக் கட்டு இடது கையில் இருந்தது.

உள் அட்டையில் பெருமையாக ஓர் அறிவிப்பு. தமிழில் இடமிருந்து வலமாகப் படிக்க வசதியாக இதுவரை படங்களைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட்டு அச்சிட்டு வந்தார்களாம். வாசகர்கள் விருப்பப்படி இனிமேல் ஜப்பானில் வருகிறபடியே வலமிருந்து இடமாக வருமாம். நான்தான் அதைச் சத்தமாகப் படித்தேன்.

அவர் எழுந்துபோய்ப் பழைய இதழ் ஒன்றை எடுத்தார். சவரக் கண்ணாடிக்கு முன்னால் அந்தச் சத்திரப் பக்கத்தைப் பிடித்தார். கண்ணாடிக்குள் எல்லோரும் வலது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பரிமாறுகிறவள், பக்கத்தில் இருந்தவன், சாமுராய், எல்லோரும்.

"படந்தானுங்களே. திருப்பிப் போட்டா என்ன, போடாட்டி என்ன? அவனுக்கும் ஒரு கை ஆகாமத்தான இருக்குது" என்றேன்.

"அவனுக்கு ஆகாதது பீச்சாங்கை புள்ள. சோறு திங்கற கை நல்லாத்தான் இருந்திருக்குது. இத்தன வருசமா நான் யாரப் பாத்துத் தின்னேன்?"

திகைத்துப்போவீர்கள் என்று சொன்னார்களே, அது மட்டும் பலித்துவிட்டது. அந்த அறிவிப்பை எழுதியவர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அவர் என்ன பாவம் செய்தார், மலைமேல் ஒருத்தன் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சோறு தின்கிறான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும் ஆத்திரம் ஆறவில்லை. அந்தத் தப்புதானே இத்தனை நாள் உன் வீட்டுக்காரரைக் காப்பாற்றியது என்று சிலர் எனக்குச் சமாதானம் சொல்லியிருக்கிறார்கள். காப்பாற்றிவிட்டுப் பிடுங்கிக்கொள்வதற்குப் பெயர் காப்பாற்றுவதா? எனக்கு அந்தச் சமாதானம் வேண்டாம்.

அதன்பிறகு சில இதழ்கள் வந்தன. அப்புறம் நின்றுபோனது. ஜப்பானிலேயே எழுதுவதை நிறுத்திவிட்டார்களாம் என்று கடைக்காரர் கேள்விப்பட்டதைச் சொன்னார். எஜமானைக் கொன்றவன் அகப்படவில்லை, மலையேறிய வைத்தியன் இறங்கவில்லை, பாலத்தடியில் மழை விடவில்லை, கட்டு அவிழவில்லை. வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "அப்படியா" என்றார். யாரோ தெரியாத ஊர்க்காரன் செத்ததைக் கேட்பதுபோல இருந்தது.

கதை நிற்பதற்கு முன்பே அவர் நின்றுவிட்டார். வேலைக்குப் போவார், வருவார். சோற்றை மட்டும் தட்டில் அப்படியே வைத்திருப்பார். அளைவார், வைத்துவிடுவார். பந்திக்குக் கூப்பிட்டால் வயிறு சரியில்லை என்பார். சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி அந்தக் கையில் தோல் உரிந்திருந்தது. என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். கோபித்தேன், கெஞ்சினேன், ஒரு நாள் நானே இடது கையால் தின்று காட்டினேன். "நீ ஏன் புள்ள கேவலப்படறே" என்றார்.

ஒரு சாயங்காலம் மூன்று பேருக்கும் சோறு போட்டேன். மகள் வழக்கம்போல இடது கையைத் தட்டில் வைத்தாள். அவர் அந்தக் கையைப் பிடித்து எடுத்தார். அடிக்கவில்லை, மெதுவாகத்தான் எடுத்தார். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார். பிறகு அவள் வலது கையைப் பிடித்துச் சோற்றில் வைத்தார்.

"இந்தக் கையில தின்னு சாமி. அது சோறு தொடற கை இல்ல."

"நீங்க அந்தக் கையிலதானங்கப்பா திங்கறீங்க?"

"நான் இனித் திங்க மாட்டேன் கண்ணு. அம்மா ஊட்டி உடுவா."

பிள்ளை அவரையே பார்த்தாள். மழுங்கிய கையைப் பார்த்தாள், மடியில் கிடந்த மற்றக் கையைப் பார்த்தாள்.

"அப்ப உங்களுக்குக் கையே இல்லீங்களாப்பா?"

"இல்ல சாமி."

அவள், அவர் வைத்துவிட்ட கையால், பழக்கமில்லாமல், சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள். நான் எழுந்துபோய்ப் பழையபடி கதவைச் சாத்தினேன்.