எல்போவுக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டுக் கொட்டகையில் காற்றுக்குப் பைப்பு போட்ட பெருமையை நான் காலேஜ் முழுக்க அடித்துவிட்டிருக்கிறேன். மெக்கானிக்கல் வகுப்பில் பெண்கள் மொத்தம் நாலே பேர். எவனாவது கம்ப்ரசரைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வந்தால், "ஒன்பது வயசிலேயே ஏர் லைன்ல கை வச்சவ நான், போடா" என்று அனுப்பிவிடுவேன். கை வைத்தது நிஜம்தான். என்ன வைத்தேன் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன்.

நைனா, அதாவது என் அப்பா, அப்போது திருப்பதியில் ஒரு கார் பட்டறையில் பெயிண்டர். நாங்கள் நகரியில். சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்விடுவார். எனக்குத் திங்கட்கிழமை என்றாலே ஆகாது. பள்ளிக்கூடம் அதற்கு இரண்டாவது காரணம்தான்.

அந்த வருஷம் பதினைந்து நாள் லீவு போட்டுவிட்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த கொட்டகையில் சொந்தமாகப் பெயிண்ட் வேலை ஆரம்பிக்கப் போவதாகச் சொன்னார். முதல் வேலையும் கிடைத்துவிட்டது. எங்கள் பள்ளிக்கூடக் கரஸ்பாண்டென்ட்டின் வெள்ளைக் கார். ஒரு பக்கக் கதவு இரண்டையும் லாரி உரசியிருந்தது. கதவு நன்றாக வந்தால் பள்ளிக்கூட வேன்கள் மூன்றும் உனக்குத்தான் என்று அவர் தெலுங்கில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"இது சொதப்பிச்சினா திங்கக்கெழம மறுபடியும் திருப்பதி பஸ்ஸுதான்," என்றார் நைனா. அம்மா உடனே தன் தம்பிக்குப் போன் போட்டாள்.

மாமா ஊரறிந்த பைப்பு ஃபிட்டர். நகரியில் பாதி வீடுகளில் குழாயில் தண்ணீர் வருவது அவரால்தான். மீதிப் பாதியில் வராததும் அவரால்தான் என்பார் நைனா. கம்ப்ரசரைக் கொட்டகை மூலையில் வைத்தாயிற்று. அதிலிருந்து கூரையோரமாகச் சுவரைச் சுற்றி இரும்புப் பைப்பு ஓட வேண்டும், மூன்று இடத்தில் கைக்கு எட்டும்படி கீழே இறங்க வேண்டும். அந்த முனைகளில் ஹோஸை மாட்டி வேலை செய்யலாம். மாமா ஒரே நாளில் போட்டு முடித்துவிட்டு ஏணியில் இருந்தபடியே மீசையை முறுக்கிக்கொண்டார்.

நைனா அண்ணாந்து பார்த்தார். "இன்னா மச்சான், டீ ஜாயிண்டெல்லாம் கீழ பாத்து வச்சிகீற?"

"பின்ன? ஆகாசத்துக்கா பெயிண்ட் அடிக்கப் போற மாமா?"

"காத்தோட தண்ணியும் வரும்யா. மேல பாத்து எடுத்து, வளைச்சு, அப்பால கீழ எறக்கணும். அப்பதான் தண்ணி மெயின் பைப்லயே போயி கடைசி வால்வுல எறங்கும்."

"பத்து வருசமா பைப்பு போட்டுக்கினு கீறேன். ஏன்டா தண்ணி வருதுன்னு ஒருத்தன் கேட்டதில்ல."

"நீ இத்தினி நாளு போட்டது தண்ணி வர்றதுக்கு. இது வராம இருக்கறதுக்கு."

மாமா எல்லாவற்றையும் கழற்றி மறுபடியும் போட்டார். அன்று முழுக்க நைனாவோடு பேசவில்லை. கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டார், நான் நைனாவிடம் கேட்டேன், அவரோ ஒரு முழ தூரத்தில் நின்றிருந்தார். முனைகளைத் தற்காலிகமாக அடைத்து, காற்றை ஏற்றி, ஜாயிண்டுக்கு ஜாயிண்டு சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார்கள். ஒரு குமிழி வரவில்லை. "பாத்துக்கோ சொல்லு," என்றார் மாமா என்னிடம்.

ஹோஸ் மாட்டும் கப்ளர்கள் மட்டும் இன்னும் வாங்கவில்லை. அடைப்பை எடுத்ததும், கீழே இறங்கிய மூன்று பைப்புகளின் முனையில் வளைந்து நின்ற எல்போக்கள் என்னைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. மறுநாள் ஆயுத பூஜை.

பூஜையன்று எந்த மெஷினையும் ஓட்டக் கூடாது. அம்மா சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் என் கையில் கொடுத்தாள். "ஒரு எடம் வுடாத பொட்டு வையி. நைனாவுக்கு இங்கியே வேல நெலைக்கணும்னு வேண்டிக்கினு வையி."

இப்படிச் சொன்ன பிறகு விடுவேனா? கம்ப்ரசரின் வயிறு, சக்கரம், ஸ்ப்ரே கன், ஏணி, மாமாவின் பைப்பு ரிஞ்ச், அவர் கழற்றிப் போட்ட செருப்பு வரைக்கும் வைத்தேன். எல்போவிடம் வந்தபோதுதான் சிக்கல். பொட்டு என்றால் நடுவில் வைக்க வேண்டும். எல்போவுக்கு நடுவில் ஓட்டை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, விரலை உள்ளே விட்டுச் சந்தனத்தைத் தடவி, அதன் மேல் குங்குமத்தை அமுக்கினேன். கார் நிற்கும் பக்கத்து மூன்றாவது எல்போவுக்கு, திங்கட்கிழமையை நினைத்துக்கொண்டு, சிமிழில் மிச்சம் இருந்ததையெல்லாம் சேர்த்தே திணித்தேன்.

மறுநாள் கப்ளர்கள் வந்தன, மாட்டினார்கள். நைனா மூக்கில் துணி கட்டிக்கொண்டு, காரிலிருந்து கழற்றி வைத்த கதவுக்கு வெள்ளை அடிக்க ஆரம்பித்தார். முதல் கை பால் மாதிரி விழுந்தது. இரண்டாவது கை போகும்போது வெள்ளையில் பொடிப்பொடியாகச் சிவப்பு. நைனா கன்னை நிறுத்தினார்.

"துரு! துருப்புடிச்ச பைப்ப இஸ்துக்கினு வந்து மாட்டிட்டியேடா!"

"புதுப் பைப்பு மாமா. கட்டு பிரிச்சதே உன் எதுருலதான்."

"அப்ப இது இன்னா, ரோஜாப்பூவா?"

நைனா கதவைத் தூக்கிக்கொண்டு துடைக்க வெளியே போனார். அம்மா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். சனிக்கிழமை.

மாமா ரிஞ்சை எடுத்து மூன்றாவது கப்ளரைக் கழற்றினார். நான் பக்கத்திலேயே நின்றேன். எல்போவுக்குள் விரலை விட்டு எடுத்தார். நுனியில் சிவப்பு. கட்டைவிரலால் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"துருதானே மாமா?" என்றேன், உதவியாக.

வெளியே நைனா கதவைத் தேய்க்கிற தேய்ப்பின் சத்தம் கேட்டது. மாமா அந்த விரலை அப்படியே தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். மிச்சத்தை லுங்கியில் துடைத்தார். வெளியே போனார்.

"துருதான் மாமா. என் தப்பு. பாக்காம வாங்கினு வந்துட்டேன்," என்றார் நைனாவிடம்.

"தண்ணிப் பைப்பு போடறவன காத்துக்குக் கூப்ட்டா இப்பிடித்தான்," என்று நைனா ஆரம்பித்து, அக்கம்பக்கத்துத் தறிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்படி அரை மணி நேரம் திட்டினார். ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை திருப்பித் தருகிற மாமா, தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். பிறகு மூன்று எல்போவையும் புதிதாக மாற்றி, ஒவ்வொரு முனையிலும் வெள்ளைத் துணியைப் பிடித்து, அதில் ஒரு புள்ளியும் விழாத வரைக்கும் காற்றை ஊதவிட்டார்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அம்மா, மாமா துருவ எட்து பொட்டு வச்சிக்கினாரு!"

அம்மா மாமாவின் நெற்றியைப் பார்த்தாள். எழுந்து போய்ச் சாமி மாடத்தில் இருந்த குங்குமச் சிமிழைத் திறந்து பார்த்தாள். அது காலி. திரும்பி வந்து தம்பியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சோறு போடுக்கா, பசிக்குது," என்றார் மாமா.

"நீயும் பேசாம துன்னுடி," என்றாள் என்னிடம். அன்று ஆம்லெட் மாமாவுக்கு மட்டும் இரண்டு.

ஞாயிற்றுக்கிழமை அடித்த வெள்ளை வெள்ளையாகவே நின்றது. கரஸ்பாண்டென்ட் கதவைத் தடவிப் பார்த்து, திருப்தியாக "பாகுந்தி" என்றார். திங்கட்கிழமை முதல் பஸ் நைனா இல்லாமல் போனது. வேன்களும் வந்தன. தெருவில் மாமாவுக்குத் 'துரு' என்று பேர் நிலைத்துவிட்டது. ஆறேழு மாசம் வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள், "பைப்பு புதுசுதானே துரு?" என்று கேட்டுவிட்டுத்தான் கூப்பிட்டார்கள். பேர் வைத்தது நான்தான். அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாமா தானாகவே வந்தார். மூன்று கப்ளர் வாய்களுக்கும் துணி சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டிவிட்டு, அப்புறம்தான் என் கையில் சிமிழைக் கொடுக்கச் சொன்னார். போன வருஷம் வாங்கிய திட்டில் ஆளுக்குப் புத்தி வந்துவிட்டது, துரு ஏறாமல் இருக்க வழி கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். துணியில் பொட்டு நன்றாக ஒட்டியது. மூன்றுக்கும் சரியாக நடுவில் வைத்தேன்.