லண்டன் மாப்பிள்ளையும் வெள்ளகவிப் பாதையும்

ஐப்பசி மழையில் அந்தப் புத்தகத்தின் தாள்கள் நமுத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எந்த விமானம் எப்போது கிளம்பும், எப்போது இறங்கும், ஊருக்கும் ஊருக்கும் எத்தனை மைல்... எல்லாம் அதில்தான்.

அறுபதுகளின் நடுவில், கொடைக்கானல் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிராவல் ஆபீஸில் நான் கிளார்க். இருபத்திரண்டு வயது. மிஷன் குடும்பங்களுக்கு டிக்கெட் போட்டுப் போட்டு, பாதி டைம்டேபிள் எனக்கு மனப்பாடம்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம், நாயுடுபுரத்துச் சரசு நனைந்த முந்தானையோடு கவுன்டருக்கு வந்தாள். வியாழன் காலை பத்து மணிக்கு அவளுக்கு முகூர்த்தம். மாப்பிள்ளை தங்கவேலு பாச்சலூர்க்காரர்; லண்டனில் ஒரு பட்டறையில் வேலை. அன்றுதான் விமானம் ஏறுவதாகத் தந்தி.

"லண்டன் எம்புட்டுத் தூரம்க்கா? அவரு வரலைன்னா அதே முகூர்த்தத்துல எம்மகன் தாலி கட்டுவான்னு மாமா நிக்கிறாருக்கா."

"உனக்குச் சம்மதமா?"

"சம்மதம்னா இந்த மழையில இங்க எதுக்கு வர்றேன்?"

புத்தகத்தைப் பிரித்தேன். மெட்ராஸுக்கு ஏறக்குறைய ஐயாயிரம் மைல். நாளைக் காலை பம்பாய், சாயங்காலம் மெட்ராஸ், ராத்திரி ரயில், புதன் காலை மலையடிவாரத்துக் கொடைரோடு, அப்புறம் பஸ்.

"புதங்கிழமை மத்தியானம் உங்க வீட்டுல சாப்பிடுவாரு. போயி கல்யாணச் சோலியப் பாரு" என்றேன். அப்படியொரு நம்பிக்கை எனக்கு!

புதன் விடிந்தபோது மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் எல்லாம் நின்றுவிட்டது. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை...

கொடைரோடு ஸ்டேஷனுக்கு ட்ரங்க் கால் போட்டேன்.

"சார், லண்டன்ல இருந்து தங்கவேலுன்னு ஒருத்தர் ரயில்ல வருவாரு. பஸ்ஸுக்குக் காத்துக் கெடக்க வேணாம்னு சொல்லுங்க. பெரியகுளம் போயி, வெள்ளகவி கிராமத்து ஒத்தையடிப் பாதை வழியா நடந்து வெரசா ஏறச் சொல்லுங்க."

"இந்த மழையிலயாம்மா?"

"நாளைக்கு அவருக்குக் கல்யாணம் சார்."

லைன் அறுந்துவிட்டது. நான் சொன்னது ஸ்டேஷன் மாஸ்டர் காதில் விழுந்ததா, விழவில்லையா? ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

வியாழன் ஒன்பதரைக்குப் பந்தலில் மாமா மகன் புது வேட்டி கட்டித் தயாராக நின்றான். சரசு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் வாசலில் சலசலப்பு. முழங்கால் வரை சேறு, நனைந்த கோட்டு, கையில் ஷூ...

"வெள்ளகவில தங்கிட்டு வெள்ளனே கெளம்புனேன். அது சாமி ஊராம், ஊருக்குள்ள செருப்புப் போடக்கூடாதுன்னாங்க, கழட்டுனேன். பொறவு மாட்டவே தோணலை" என்றார் தங்கவேலு.

மாமா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "ஏலே, மாப்பிள்ளைக்கு வெந்நி போடுங்கலே!" என்று ஒரு சத்தம்.

பத்து மணிக்குத் தாலி ஏறியது. ஐயாயிரம் மைலை ஒரு நாளில் கடந்தவருக்குக் கடைசிப் பத்துப் பதினைந்து மைலுக்கும் ஒரு நாள்.

இப்போது லண்டனிலிருந்து கிளம்புகிறவர் எந்தக் கடல்மேல் பறக்கிறார் என்று போனிலேயே பார்க்கலாம். நானும் பார்க்கிறேன், பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் அன்று அவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்குமே தெரியாதபோது, "வருவாரு" என்று நான் சொன்ன ஒரு சொல்லை நம்பி, ஒரு பெண் தலையில் பூ வைத்துக்கொண்டாள்...