கடைசி டிவிஷன் டீம் மேனேஜர்

காற்பந்து டீம் மேனேஜர் வேலையில் பந்தைத் தவிர மற்ற எல்லாமே நம் தலையில்தான் விழும். பெயர் பதிவது, வேன் பிடிப்பது, ஜெர்சி துவைப்பது, ஓவர்டைம் செய்கிற ஆட்டக்காரனை அவன் சூப்பர்வைசரிடம் கெஞ்சி மீட்டு வருவது, எல்லாம். கோயில் கமிட்டியிலோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலோ "நீங்களே பார்த்துக்குங்க" என்ற ஒரே வார்த்தையில் மாட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்தால், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள் என்று நம்புகிறேன்.

எங்கள் கிளப் மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணி ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்து டீமாகத் தொடங்கியது. தோட்டத்து ஜனங்கள் பாக்கார் ஆராங், கூலிம் என்று பிரிந்து போன பிறகும் டீம் மட்டும் அதே தோட்டத்துத் திடலில் ஆடிக்கொண்டிருந்தது. வட்டார லீக்கின் கடைசி டிவிஷனில். கிளப்பின் பெயரை எழுதினால் தலைவர் கோபித்துக்கொள்வார், விட்டுவிடுகிறேன்.

மீகூனோடு போனேன்

நான் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் லைன் சூப்பர்வைசர். காற்பந்துக்கும் எனக்கும் இருந்த ஒரே உறவு, என் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் அந்த டீமில் ஆடியதுதான். கிளப்பின் ஆண்டுக் கூட்டத்துக்கு மீகூன் சேமியா பிரட்டித் தரச் சொன்னார். கொண்டுபோய் வைத்துவிட்டு, வாசலில் நிறுத்தியிருந்த எங்கள் காடியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. பழைய மேனேஜருக்கு ஜொகூரில் வேலை கிடைத்துவிட்டதாம்.

கூட்டம் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தார். அவருக்குப் பின்னாலேயே குணா அண்ணன் வந்தார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கிளப்புக்குத் தலைவரும் அவர்தான், கோச்சும் அவர்தான். என்னை ஏகமனதாக மேனேஜராகத் தேர்ந்தெடுத்துவிட்டதாகச் சொன்னார். ஆஃப்சைட் என்றால் என்னவென்றுகூடத் தெரியாதே என்றேன். அவர் கையில் இருந்த காலித் தட்டைக் காட்டினார்.

"நாப்பது பேருக்கு மீகூன் கொண்டாந்தே. ஒருத்தனுக்கும் குறையல, மிச்சமும் ஆகல. ஆஃப்சைட்ட நான் பாத்துக்கிறேன் லா, தங்கச்சி."

பாலிங்கில் ஒரு பந்தல்

என் முதல் வெளியூர் ஆட்டம் பாலிங் பக்கம் ஒரு கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில். இரண்டு வேனில் போய் இறங்கினால், திடலின் நடுவே கல்யாணப் பந்தல். பெரிய சட்டிகளில் ரெண்டாங் கறி கொதிக்கிறது. ஒரு கோல் கம்பத்தில் தோரணம் கட்டியிருக்கிறார்கள். தேதியை மாற்றிப் படித்துவிட்டேன் என்றே நினைத்தேன். லீக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். தேதி சரி. மணி சரி. திடலும் சரி.

எதிர் டீம் மேனேஜர் பத்திக் சட்டையில் சிரித்துக்கொண்டே வந்தார். மாப்பிள்ளை அவர் தம்பி, அதோடு அவர்கள் டீமின் கோல்கீப்பரும்கூட. பந்தல் மூன்று மணிக்குப் பிரியும், நான்கு மணிக்கு ஆடலாம், அதுவரை உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்றார். மறுத்தால் மரியாதை இல்லை. எங்கள் பையன்கள் இரண்டாம் தடவையும் சோறு வாங்கினார்கள். குணா அண்ணன் மூன்றாம் தடவை. நான்கு மணிக்கு ஒருவனாலும் ஓட முடியவில்லை. மாப்பிள்ளை கையில் மருதாணியோடு கோல் கம்பத்தில் நின்றான். அவனிடம் ஒரு பந்துகூடப் போகவில்லை. ஆறு கோல் வாங்கினோம். வேன் ஏறும்போது அந்த மேனேஜர் ஒரு பை நிறைய இறைச்சியைக் கொடுத்து மலாயில் சொன்னது:

"சாப்பிட்டாச்சு, தோத்தாச்சு. அடுத்த மாசம் என் தங்கச்சி கல்யாணம், அதுக்கும் வாங்க."

கோல்கீப்பரின் முகம்

ஆட்டக்காரர்களைக் கணினியில் பதிய வேண்டும் என்று லீக் உத்தரவு போட்ட வருடம். பேக்டரியில் படம் போட்ட என் நுழைவுப் பாஸையும் புதுப்பிக்கிற வாரம் அது. இரண்டு வேலையையும் ஒரே மதியத்தில் முடித்தேன். அவசரத்தின் பலன் சனிக்கிழமை தெரிந்தது. லீக் அதிகாரி அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி வந்தவர் எங்கள் கோல்கீப்பர் ஹஃபீஸிடம் வந்ததும் நின்றார். அட்டையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், திரும்பி என்னைப் பார்த்தார். அட்டையில் ஹஃபீஸின் பெயருக்கு மேலே பொட்டு வைத்துக்கொண்டு நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி கொஞ்சமும் சிரிக்காமல், இந்த அட்டையில் ஆட வேண்டுமென்றால் நீங்கள்தான் பூட்ஸ் மாட்ட வேண்டும் என்றார். எங்களிடம் வேறு கோல்கீப்பர் கிடையாது. கேப்டன் செல்வம், தடுப்பாட்டக்காரன், கையுறையை மாட்டிக்கொண்டு போனான். தொண்ணூறு நிமிடமும் நான் திடலைப் பார்க்கவே இல்லை, வேன் கதவைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் நின்றேன். ஆட்டம் சைபர் சைபர் என்று முடிந்தது. அந்தப் பருவத்தில் எங்களுக்குக் கோல் விழாத முதல் ஆட்டம். அழுகிற நிலையில் ஹஃபீஸிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னான்:

"படத்த மாத்த வேணாம் கா. என் முகம் இருந்தப்பலாம் கோல் விழுந்துச்சே."

ஒரு கார்னர் கிக்

இதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். சம்பந்தப்பட்டவனே எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

முகிலன் எங்கள் வலது பக்க ஆட்டக்காரன். என் பேக்டரிதான், வேறு லைன். ஒரு வியாழக்கிழமை சாயங்காலப் பயிற்சி. ஜெராய் மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தூரத்தில் ஒரு தடவை உறுமியது. இடிச் சத்தம் கேட்டால் ஆட்டத்தை நிறுத்துகிற விசில் மேனேஜர் கையில் என்பது எங்கள் ஏற்பாடு. விசில் என் கையில்தான் இருந்தது. குணா அண்ணன் திரும்பிப் பார்த்து, ஒரு கார்னர்தானே, முடித்துவிடலாமா என்று கேட்டார். சரி என்று தலையாட்டினேன்.

முகிலன் மூலைக் கொடி பக்கத்தில் பந்தை வைத்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் போனான். பிறகு நான் பார்த்தது வெள்ளை மட்டும்தான். காது அடைத்துவிட்டது. கண் தெளிந்தபோது நாலைந்து பேர் தரையில் கிடந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்தார்கள். முகிலன் எழவில்லை. எப்படி ஓடினேன் என்று தெரியாது. அவனுக்கு மூச்சில்லை. பேக்டரியில் நான் அவசர உதவிக் குழுவில் இருக்கிறேன். வருடத்துக்கு ஒரு தடவை ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கிப் பழகுவோம், நடுநடுவே கதை பேசிச் சிரிப்போம். அன்றைக்கு அமுக்கியது மனித நெஞ்சை. முப்பது தடவை அமுக்கி, இரண்டு தடவை ஊதி, மறுபடியும் முப்பது. குணா அண்ணன் ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டு, கொட்ட ஆரம்பித்த மழையில் ரோட்டில் போய் நின்றார். என் கை ஓய்ந்ததும் செல்வம் அமுக்கினான், அவனுக்குப் பிறகு ஹஃபீஸ், திரும்ப நான். எத்தனை சுற்று என்று யாருக்கும் நினைவில்லை. திடீரென்று முகிலன் தொண்டையில் ஒரு சத்தம். நெஞ்சு தானாக ஏறி இறங்கியது. நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. என் பிள்ளையைக் காப்பாற்றினாய் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தக் கையில்தான் விசில் இருந்தது என்று அவரிடம் சொன்னேன். சொல்லாமல் அங்கே நிற்க முடியவில்லை. அவர் பிடியை விடவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை. முகிலனுக்கு இடது காது கேட்காமல் போய்விட்டது. அதன் பிறகு அவன் ஆடவில்லை. அன்று ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டதும் அவன் கேட்டது:

"அக்கா, அந்த கார்னர் என்னாச்சு?"

பெனால்டி ஏரியாவில் வீடு

அடுத்த பருவத்தில் யாரும் நினைக்காத ஒன்று நடந்தது. ஜெயித்தோம். கடைசி டிவிஷனிலிருந்து ஒரு படி ஏறினோம். குணா அண்ணன் திடலின் நடுவில் நின்று அழுதார். நான் முதல் தடவையாக ஆஃப்சைட்டுக்குச் சரியாகக் கத்தினேன். அந்தச் சந்தோஷம் ஆறு வாரம் இருந்தது.

ஏழாவது வாரம், சுங்கைப் பட்டாணியில் ஒரு பேரங்காடி வாசலில் ஒரு பெண் என் கையில் வீட்டு விளம்பரத் தாளைத் திணித்தாள். புதிய தாமான் குடியிருப்பு, இரண்டு மாடி வீடுகள், நூற்றுச் சொச்சம். வரைபடத்தில் தெரிந்த ஆற்று வளைவு, கோயில், பழைய ரப்பர் ஸ்டோர் எல்லாம் எனக்குப் பழகிய இடங்கள். எங்கள் திடல் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு வரிசை வீடுகள். நடுவட்டத்தில் ஒரு சறுக்குமரம். பேரங்காடியிலேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். தோட்டத்தை விற்றது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அவசரக் கூட்டம் போட்டோம். மனு எழுதலாம், சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கலாம் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். செல்வம் மட்டும் தலையைத் தூக்கவில்லை. கேப்டன் நீயே பேசாமல் இருந்தால் எப்படி என்று குணா அண்ணன் கேட்டார். செல்வம் எழுந்தான். பதினான்கு வருடம் அந்தத் திடலில் ஆடியவன். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு மாமியார் வீட்டு ஓர் அறையில் இருக்கிறவன்.

"மன்னிச்சிருங்கண்ணே, போன மாசமே நான் ஒரு வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். வரைபடத்த வச்சுப் பாத்தா, பெனால்டி ஏரியாவுல வருது."

மார்க்கின் கிளப்

திடல் இல்லாத கிளப்பை மேல் டிவிஷன் ஏற்காது. எங்கள் பெயரை அடித்துவிட்டதாக லீக்கிலிருந்து கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை பேக்டரி கேண்டீனில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மார்க் எதிரே வந்து உட்கார்ந்தார். அமெரிக்காவிலிருந்து புது மெஷின்களை ஓட்டிக் காட்ட வந்த இஞ்சினியர். என்ன என்று கேட்டார். சொன்னேன். அமெரிக்கர் ஒருவருக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது என்று நினைத்துக்கொண்டேதான் சொன்னேன்.

அவர் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டுத் தன் கிளப்பின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். ஓர் ஆற்றங்கரை ஊரில் நூல் மில் தொழிலாளிகள் தொடங்கிய டீமாம். மில் மூடியது, டீமும் போனது. மில்லின் பழைய மெக்கானிக் ஒருவர் வேறு பெயரில் திரும்ப நடத்தினார். அவர்கள் திடல் காடி நிறுத்துமிடம் ஆனது, டீம் மறுபடியும் கலைந்தது. திரும்பக் கூடி ஒரு பள்ளித் திடலுக்குப் போனார்கள். அங்கே அமெரிக்கன் ஃபுட்பாலின் கோடுகளும் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும், எது எல்லைக்கோடு என்பதில் ஆட்டத்துக்கு ஆட்டம் சண்டை. ஒரு தடவை ஆள் போதாமல் பஸ் டிரைவரை இறக்கினார்களாம். லீக்கே கலைந்து ஒரு தடவை போனது, வேறு லீக்கில் வேறு பெயரில் எழுந்தது. மார்க்கின் மனைவிதான் ஜெர்சி துவைத்தாராம்.

அமெரிக்கா என்றால் பெரிய அரங்கம், பெரிய விளக்கு என்று நினைத்தவள் நான். ரப்பருக்குப் பதிலாக நூல், அவ்வளவுதான் வித்தியாசம். அப்படியென்றால் எங்கள் கிளப் செத்துவிட்டதா இல்லையா என்று கேட்டேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை அப்படியே தமிழில் எழுதுகிறேன்:

"எங்கள் கிளப் மூன்று தடவை செத்தது. நான் ஆடியது நான்காவதில். உங்களுக்கு இது முதல் தடவைதானே?"

மறுபடியும் பதிவு

மறுநாள் குணா அண்ணன் வீட்டுக்குப் போய் அந்தக் கதையைச் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு திடல் தேடக் கிளம்பினார். ஒரு தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை தன் பள்ளித் திடலைச் சனிக்கிழமைகளில் தரச் சம்மதித்தார். அதற்குப் பதிலாக எங்கள் ஆட்டக்காரர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் சொல்லித்தர வேண்டும். அந்த வேலைக்கு முகிலன் தானாக வந்தான். பிள்ளைகள் அவனுடைய வலது பக்கம் நின்றுதான் பேசுவார்கள். விசில் இப்போது அவன் கையில். வானம் லேசாக மங்கினாலே ஊதிவிடுகிறான், ஒருவரும் முனகுவதில்லை. செல்வம் புது வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறான்.

பழைய தோட்டப் பெயரில் பதிய முடியாது, தோட்டமே இல்லை என்றார்கள். புதுப் பெயர் வைத்தோம். லீக் அலுவலகத்தில் விண்ணப்பப் பாரங்களை வாங்கிப் பார்த்த அதிகாரி, ஹஃபீஸின் அட்டையைத் திருப்பியவர் அவர்தான், எல்லாவற்றிலும் முத்திரை குத்தினார். எந்த டிவிஷன் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"முதல்லேர்ந்து தொடங்குறவங்களுக்குக் கடைசிதான், கா."

கடைசி டிவிஷனுக்குக் கீழே ஒரு டிவிஷன் கிடையாது என்பதால், இந்த நாட்டில் இனி யாராலும் கீழே இறக்க முடியாத ஒரு டீமுக்கு நான் மேனேஜர்.