யோகன் அடித்த நீலம்

2010. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில், புதுச்சத்திரத்தில் டீ குடிக்க இறங்குகிறேன். எதிரே ஒரு புது வீடு. வாசலில் வாழைமரம் கட்டியாயிற்று. முன்சுவரில் பாதிக்குத்தான் நீலம் ஏறியிருக்கிறது, பெயிண்டரைக் காணோம். விடிந்தால் புதுமனை புகுவிழா.

வீட்டுக்காரி செல்வி மீன் விற்றுக் கட்டிய வீடு. "வேற ஆளை வச்சு முடிச்சிடலாமே?" என்கிறேன்.

"யோகன் மாமா ஆரம்பிச்ச செவுத்துல வேற கை படக் கூடாதுங்க. இன்னிக்கு அகதி முகாம்ல செக்கிங். தலையை எண்ணுவாங்க, ஆள் இல்லன்னா பேரை எடுத்துருவாங்க. முடிஞ்சதும் வந்துருவாரு."

இரண்டாவது டீயை முடிப்பதற்குள் யோகன் சைக்கிளில் வந்துவிடுகிறார். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. செக்கிங் நாளில் முகாமே இப்படித்தான் உடுத்துமாம். சட்டையைக் கழற்றி மடித்து வைக்கிறார், பெயிண்ட் படிந்த லுங்கிக்கு மாறி ஏணியில் ஏறுகிறார். மன்னாரில் படகு வைத்திருந்தவர். இருபது வருடமாக இங்கே பெயிண்டர்.

"சண்டைதான் முடிஞ்சிடுச்சே, ஊருக்குப் போகலையா?"

அவர் திரும்பவில்லை. "அங்க என்ர வீட்டுக்குச் சுவரே இல்லை. இங்க சிதம்பரம் வரைக்கும் நான் அடிச்ச சுவர்தான்."

நான் கிளம்பாமல் பார்த்துக்கொண்டிருக்க, மாலைக்குள் சுவர் முழுக்க நீலமாகிறது. செல்வி அண்ணாந்து கூப்பிடுகிறாள்.

"மாமா, நாளைக்கு பால் காய்ச்சுறப்ப அந்தத் தேச்ச சட்டையில வாங்க. ஆபீசருக்கு மட்டும்தான் போட்டுக் காட்டுவீங்களா?"

பிரஷை டப்பாவில் வைத்துவிட்டுத் திரும்புகிறார்.

"வீட்டில நாலு பேரும் வருவம், பிள்ளை," என்கிறார். "எண்ணிக்கொள்ளு."