கற்பூரம் சாத்திய கதவு

ராயபுரத்தில் சவரிநாதன் என்று ஒருவர் இருந்தார். கதவு மாட்டுவது அவர் தொழில். வீட்டுக் கதவு இல்லை, கிடங்குகளில் ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே மாட்டுகிற நெருப்புக் கதவு. கனமான பலகைக்கு இரண்டு பக்கமும் தகரம் பொதிந்து அடித்திருக்கும். துறைமுகத்துப் பக்கம் பாதிக் கிடங்குகளில் அவர் கை பட்ட கதவுதான்.

அந்தக் கதவின் குணமே தனி. எந்நேரமும் திறந்தே இருக்க வேண்டும். மேலே சரிவாக ஓர் இரும்புத் தண்டவாளம், அதில் சக்கரம் வைத்துக் கதவு தொங்கும். சரிவில் உருண்டு வந்துவிடாதபடி, கம்பிக் கயிற்றில் கட்டிய இரும்புக் குண்டு ஒன்று அதை மறுபக்கம் இழுத்துப் பிடித்திருக்கும். கயிற்றின் நடுவே, வாசலுக்கு மேலே, விரல் நீளத்தில் ஒரு பித்தளை வில்லை. லேசில் உருகுகிற ஈயத்தால் ஒட்டிய இரண்டு தகடுகள், அவ்வளவுதான். தீப்பிடித்தால் சூட்டில் ஈயம் உருகி வில்லை பிரியும். குண்டு விழும். கதவு தானாக உருண்டு வந்து வாசலை அடைக்கும். ஓர் அறை எரிந்தாலும் அடுத்த அறை பிழைத்துக்கொள்ளும்.

அப்படித்தான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். கண்ணால் பார்த்தவரில்லை. மாதாமாதம் போய்ச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, ஏறி வில்லையைத் துடைத்து, குண்டைக் கையால் தூக்குவார். கதவு சமர்த்தாக உருண்டு வரும். கை பட்டால் வருகிறது, நெருப்பு பட்டால் வருமா? வில்லையை உருக்கிப் பார்க்கவும் வழியில்லை. அது சீமைச் சாமான், யுத்தத்துக்குப் பிறகு கிடைப்பதே அபூர்வம். மிச்சமிருந்த ஒரே ஒரு வில்லையைப் பஞ்சில் சுற்றிப் பொடி டப்பாவில் வைத்திருந்தார்.

இதில் அவருக்கு ஒரு மனச் சங்கடம் உண்டு. கதவு தானாக மூடுவதைப் பார்க்க ஆசைப்பட்டால், எங்கேயோ தீப்பிடிக்க ஆசைப்பட்ட பாவம் வந்து சேரும். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்கால் போட்டு, “ஆண்டவரே, என் கதவு ஒன்றுகூட மூட வேண்டாம்” என்று வேண்டிக்கொள்வார். எழுந்திருக்கும்போது, ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டால் தேவலையே என்று மனசு பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்கும். மறுபடியும் முழங்கால் போடுவார்.

அவர் மனைவி ரோஸ்மேரிக்கு இது நல்ல வேடிக்கை. “இன்னாய்யா, சாத்தாத கதவுக்கு மாசாமாசம் எண்ணெய் ஊத்துற. நம்ம வூட்டுக் கதவு சாத்த முடியாம கோணிக்கினு கீது, அதுக்கு ஒரு ஆணி அடிக்க உனுக்கு நேரமில்ல” என்பாள். அவரும் சிரித்துக்கொண்டே கதவைக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டுப் போவார்.

டோல்கேட் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் கிடங்கு இருந்தது. அதன் இரண்டு அறைகளுக்கு நடுவேயும் சவரிநாதன் மாட்டிய கதவுதான். சுதந்திரம் வந்த பிறகு விருதுநகர்க்காரர் ராமசுப்பு அதை எடுத்து, ஓர் அறையில் பஞ்சும் அடுத்த அறையில் கடலை எண்ணெயும் வைத்து வியாபாரம் செய்தார். நல்ல மனுஷர். ஆனால் கதவு ஒதுங்கி நிற்கிற சுவரோரம் சும்மா கிடப்பதைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரியும். அங்கே மூட்டை அடுக்கினால் கதவு நகராது என்று சவரிநாதன் சொன்னபோது, அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“இது தன்னால சாத்தி நீரு பாத்திருக்கீராவே?”

சவரிநாதனுக்குப் பொய் சொல்ல வராது. “இல்லீங்க மொதலாளி.”

“பிறகென்ன. ஆயுத பூஜை முடியட்டும், கழட்டிரும்.”

தன் கையால் மாட்டிய கதவைத் தன் கையாலேயே கழற்ற வேண்டும். வேலை செய்யுமா செய்யாதா என்று தெரியாமலே கழற்ற வேண்டும். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பூஜையன்று காலையிலேயே போய், ஏணி போட்டு ஏறி, கடைசித் தடவையாக வில்லையைத் துணியால் துடைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினார்.

மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தலைவர் மண்ணாங்கட்டி. அவரும் ஆட்களும் பஞ்சு மூட்டைகளைப் பின்னால் தள்ளி, தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். தராசு, கொக்கி, கைவண்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தாயிற்று. பொரியும் சுண்டலும் எண்ணெய் அறையில் பரப்பியிருந்தன. கதவுக்கும் பெரிய சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். கற்பூரம் எங்கே காட்டுவது என்று ஒருவன் கேட்க, மண்ணாங்கட்டி ஏணியைச் சுவரோரமாகச் சாய்த்தார்.

“கதவுக்கு சாமி எங்க கீதுன்னு எனக்குத் தெரியும். நைனா மாசாமாசம் ஏறித் தொட்டுக் கும்புடுற எடம் அதான்” என்றார். தட்டில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு, ஏறி, வில்லைக்கு நேர் கீழே பக்தியோடு பிடித்தார்.

வேண்டாம் என்று சொல்லச் சவரிநாதன் வாயெடுத்தார். ஆனால் பஞ்சு தூரத்தில் இருக்கிறது, தரை ஈரமாக இருக்கிறது, எரிவது பூஜைக் கற்பூரம். யாருக்கும் கேடில்லாத நெருப்பு ஒன்று தானாக வந்து நிற்கிறதே என்று தோன்றியது. சொல்ல வந்ததை மாற்றிச் சொன்னார்.

“வாசல்ல யாரும் நிக்காதீங்கப்பா. இந்தாண்ட வாங்க, இல்லாங்காட்டி அந்தாண்ட போங்க.”

பூஜை மரியாதை போலிருக்கிறது என்று எல்லோரும் ஒதுங்கினார்கள். ராமசுப்பு சுண்டல் பக்கம் போய்க் கைகூப்பி நின்றார்.

கற்பூரம் பாதி கரைந்திருக்காது. வில்லை ‘டிக்’கென்று பிரிந்தது. குண்டு தொம்மென்று விழுந்தது. தலைக்கு மேலே சக்கரங்கள் கடகடவென்றன. சந்தனப் பொட்டும் சாமந்தி மாலையுமாக அந்தக் கதவு, நிலைக்கு வருகிற தேர்போல அசைந்து வந்து, வாசலைப் பொருந்த அடைத்து நின்றது. ஓர் இடுக்கு இல்லை.

ஏணி மேலிருந்து மண்ணாங்கட்டி மெல்லச் சொன்னார். “நைனா, நான் ஒண்ணும் பண்ணல. அதுவாதான் வந்திச்சி.”

சவரிநாதன் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்தார்.

அந்தப் பக்கத்திலிருந்து கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. “ஏ சவரி, சுண்டல் பூரா இங்கன இருக்கு. திறக்கீரா, நானே தின்னு முடிக்கட்டுமா?”

நான்கு பேர் சேர்ந்து சரிவில் மேலே தள்ளித் திறந்தார்கள். ராமசுப்பு வெளியே வந்து கதவின் தகரத்தைக் கையால் தடவிப் பார்த்தார். அண்ணாந்து தண்டவாளத்தைப் பார்த்தார்.

“இப்ப பாத்துட்டீரா?”

“பாத்துட்டேன் மொதலாளி.”

“நானும் பாத்துட்டேன்வே. இது பாட்டுக்கு இருக்கட்டும். மூட்டைக்கு வேற சுவரு பாத்துக்கிடுதேன்.”

சவரிநாதன் பொடி டப்பாவைத் திறந்து, அந்த ஒற்றை வில்லையை எடுத்து அப்போதே மாட்டினார். கதவு சாமிக்கு இனிமேல் கற்பூரம் கீழேதான், மேலே ஏறவே கூடாது என்று மண்ணாங்கட்டியிடம் சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகுதான் சுண்டலில் கை வைத்தார். வீட்டுக்குப் போனதும் ரோஸ்மேரியிடம் மூன்று தரம் இந்தக் கதையைச் சொன்னார். மூன்றாம் தரம் சொல்லும்போது கையில் சுத்தியல் இருந்தது, வீட்டுக் கதவுக்கு ஆணி அடித்துக்கொண்டே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல முழங்கால் போட்டார். “ஆண்டவரே, என் கதவு ஒன்றுகூட மூட வேண்டாம்” என்று வேண்டிக்கொண்டார். எழுந்திருந்தபோது சட்டையை யாரும் இழுக்கவில்லை.