பலகையா, ஆளா?

அணியில் எல்லோரும் அவரைச் 'சமையல்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பனிச்சறுக்குப் பலகைகளுக்கு மெழுகு பூசுவது அவர் வேலை. விடிவதற்குள் கொட்டகையில் மெழுகை உருக்கித் தேய்க்கும் இஸ்திரிப்பெட்டி சூடேறிவிடும். வெளியே போய்ப் பனியைக் கையால் அள்ளிப் பிசைந்து பார்ப்பார். ஈரமா, பொடியா என்பதற்குத் தக்கபடி மெழுகு. மெழுகு தப்பினால் பலகையின் அடியில் பனி கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும், ஆள் நகர முடியாது.

உலகப் போட்டியன்று காலை அவருடைய தங்கை கொட்டகைக்குள் தலையை நீட்டினாள். மேடும் பள்ளமுமான பனிப்பாதையில் நால்வர் மாறி மாறிச் சறுக்கி ஓடும் தொடர்பந்தயத்தில், தேசிய அணிக்காகக் கடைசிச் சுற்று அவளுடையது.

"என்ன சமையல்காரரே, உப்பு உறைப்பெல்லாம் சரியா?"

"நான் ஆக்கிப் போட்டுட்டேன். ஜீரணம் பண்றது உன் பாடு."

அவள் முறை வந்தபோது அணி மூன்றாவது இடத்தில் இருந்தது. பதக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. கடைசி மேட்டில் அவள் திணறினாள். ஒவ்வொருத்தியாகத் தாண்டிப் போனார்கள். அணி பத்தாவதாக முடிந்தது.

முடிவுக்கோட்டைத் தாண்டி விழுந்தவள், "பலகை ஒட்டிக்கிச்சுண்ணே, நகரவே இல்ல" என்று கதறினாள்.

அவர் பலகைகளைப் புரட்டிக் கட்டைவிரலால் தடவினார். ஒட்டிய பனி துளிகூட இல்லை. கண்ணாடிபோல் வழுக்கியது. ஓய்ந்துபோனது அவள் கால்தான். போன குளிர்காலத்திலேயே அவருக்கு அந்தச் சந்தேகம் உண்டு; வாயைத் திறக்கவில்லை.

அணி மேலாளர் வந்து நின்றார். "சட்டுனு சொல்லுங்க. பலகையா, ஆளா? ஆள்னா உங்க தங்கச்சிக்கு இதோட சரி."

"மெழுகு தப்பிப்போச்சு சார்."

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். "நாலு பேரோட உழைப்பு. பாழாக்கிட்டியே!"

பேருந்தில் அவள் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் பேச்சில்லை. அவர் வேலை போனது. ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினார்.

அடுத்த குளிர்காலத்தில் கடைத் தொலைக்காட்சியில் அவளைப் பார்த்தார். மேடு வந்ததும் பின்னால் இருந்தவர்கள் முன்னால் போனார்கள். சாயங்காலம் அவளிடமிருந்து ஃபோன் வந்தது.

"அண்ணே, மெழுகு பூச வந்த புது ஆளும் உருப்படியில்ல. இன்னிக்கும் ஒட்டிக்கிச்சு. அவனைத் தூக்கச் சொல்லி எழுதிக் குடுக்கப் போறேன்."

அந்தப் பையனை அவருக்குத் தெரியும். கைக்குழந்தைக்காரன், பதறிப் பதறி வேலை செய்பவன்.

"எழுதாதம்மா. பலகையில ஒண்ணுமில்ல." கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தார். "போன வருஷமும் ஒண்ணுமில்ல."



"என்னைக் காப்பாத்தினதா நெனப்பா உனக்கு?" என்றாள். "அன்னிக்கே எங்கிட்டயாவது சொல்லியிருந்தா, ஓடறத விட்டுட்டு உன்கூடவே வீட்டுக்கு வந்திருப்பேனே. ஒரு வருஷமா உன்னைத் திட்டிக்கிட்டேல்ல ஓடினேன்."